பனி பொய்த்த குல்மார்க்: காஷ்மீரின் குளிர்காலப் பிழைப்பு என்னவாகும்?

2025 பிப்ரவரி 22 அன்று காஷ்மீரின் குல்மார்க்கில் தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டன. காஷ்மீரில் ஒரு நிகழ்ச்சி நின்றுபோனால் துப்பாக்கியோ ஊரடங்கோதான் காரணமாக இருக்கும் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். இம்முறை காரணம் வேறு. சறுக்குவதற்குப் பனி இல்லை.

பிறகு பனி விழுந்தது. மார்ச் 9 முதல் 12 வரை போட்டிகள் நடந்து முடிந்தன. அதற்குள் ரமலான் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பிப்ரவரிக்கென்று திட்டமிட்ட போட்டி, நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது.

இது ஓர் ஆண்டின் விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில், 2024 ஜனவரியில், குல்மார்க்கின் புல்வெளி வெண்மையின்றி காய்ந்த பழுப்பு நிறத்தில் கிடந்த படங்கள் உலகெங்கும் பரவின. ஜம்முவை விடவும் டெல்லியை விடவும் ஸ்ரீநகரில் பகல் வெப்பம் கூடுதலாக இருந்த நாட்களும் அந்த மாதத்தில் உண்டு. வடமேற்கு இந்தியா முழுவதற்கும் சேர்த்து அந்த ஜனவரியில் பெய்த மழையும் பனியும் சராசரியாக வெறும் 3.1 மில்லிமீட்டர். 1901-க்குப் பிறகு இதைவிடக் குறைவாகப் பதிவான ஜனவரி ஒன்றே ஒன்றுதான். பள்ளத்தாக்கின் பல ஊர்களில் மக்கள் திரண்டு மழை வேண்டித் தொழுதார்கள். மாதக் கடைசியில்தான் வானம் திறந்தது.

காஷ்மீரில் பனிச்சறுக்குக்கு எதிர்காலம் உண்டா? வசதி படைத்தவர்களின் விளையாட்டைப் பற்றிய கவலையாக இது தோன்றலாம். ஆனால் அந்தப் பனியை நம்பி அடுப்பெரியும் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நம் சமுதாயத்தின் ஏழை வீடுகள். அந்தக் கோணத்தில்தான் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேலே விளையாட்டு, கீழே பிழைப்பு

குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம்போல் அமைந்த புல்வெளி அது. ஆங்கிலேய அதிகாரிகள் 1927-ல் இங்கே பனிச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். நாடு விடுதலை பெற்றபின் ராணுவம் தன் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியை இங்கே அமைத்தது. ஆனால் குல்மார்க்கை உலகச் சறுக்கு வீரர்களின் வரைபடத்தில் ஏற்றியது கோண்டோலா என்னும் கம்பிவடக் கார்தான். அதன் முதல் கட்டம் 1998-ல் திறக்கப்பட்டு கொங்தூரி வரை சென்றது. 2005-ல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அண்மை ஆண்டுகளில் இந்தக் கோண்டோலாவின் ஆண்டு வருவாய் 100 கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது.

உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே உள்ள இந்த 1,300 மீட்டர் உயர வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி செல்சியஸ் குறையும். இதைத் திருப்பிப் போட்டால், பருவநிலை 1 டிகிரி சூடேறும்போது பனி நிலைக்கும் எல்லை ஏறத்தாழ 150 மீட்டர் மேலே நகர்ந்துவிடும். ஆகவே பனியை முதலில் இழப்பது அடிவாரம். அஃபர்வத் உச்சி இன்னும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கக்கூடும்.

அப்படியானால் பனிச்சறுக்கு பிழைத்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். விளையாட்டு பிழைத்துக்கொள்ளும்தான். ஐரோப்பாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வரும் தேர்ந்த சறுக்கு வீரர் கோண்டோலாவில் ஏறி நேராக உச்சிக்குப் போய்விடுவார். ஆனால் ஸ்லெட்ஜ் எனப்படும் மரச்சறுக்கு வண்டியில் குழந்தைகளை ஏற்றி இழுப்பவர், குதிரை ஓட்டுபவர், தங்மார்க்கில் கம்பூட்டும் கனத்த அங்கியும் வாடகைக்குக் கொடுப்பவர், புதியவர்களுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுக்கும் இளைஞர், கஹ்வா விற்பவர் ஆகிய அனைவரின் சந்தையும் அடிவாரத்தில்தான் இருக்கிறது. அவர்களிடம் வருவோர் பெரும்பாலும் பனியை முதன்முறையாகத் தொட்டுப் பார்க்க வந்த நம்மைப் போன்ற சமவெளிக் குடும்பங்கள். கீழே பனி இல்லையென்றால் அந்தக் குடும்பங்கள் பயணத்தை ரத்து செய்துவிடும். உச்சியில் எத்தனை அடி பனி கிடந்தாலும் ஸ்லெட்ஜ் தொழிலாளிக்கு அன்றைய கூலி இல்லை.

குல்மார்க்கின் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த வேறுபாடுதான். சறுக்குத்தளம் தப்பிப்பதும் அதை நம்பியிருக்கும் ஊர் தப்பிப்பதும் ஒன்றல்ல.

பனி ஏன் பொய்க்கிறது?

நமக்கு மழை தருபவை பருவக்காற்றுகள். காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைத் தருபவை மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்த அமைப்புகள். மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பகுதிகளிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே வரும் இவை, இமயமலையில் மோதிப் பனியாகக் கொட்டுகின்றன. இவை வலுவிழந்தாலோ வடக்கே விலகிப் போனாலோ காஷ்மீர் காய்கிறது. வந்து சேரும்போது வெப்பம் சற்றுக் கூடுதலாக இருந்தால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது.

காஷ்மீரிகள் தங்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாட்கள் சில்லாய் கலான். அதையடுத்த 20 நாட்கள் சில்லாய் குர்த். கடைசி 10 நாட்கள் சில்லாய் பச்சா. சில்லாய் கலானில் விழும் பனிக்குத்தான் மதிப்பு அதிகம். அது கடுங்குளிரில் இறுகி, கோடைவரை மலையில் தங்கும். பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் விழும் பனியில் ஈரம் அதிகம். வெயில் ஏற ஏற அது விரைவில் உருகி ஓடிவிடும்.

2024, 2025 இரு ஆண்டுகளிலும் சில்லாய் கலான் ஏமாற்றியது. பனி தாமதமாக வந்தது. போட்டியை நடத்துபவருக்கு மார்ச் பனி போதும். விவசாயிக்குப் போதாது.

தாமதமாகவும் மொத்தமாகவும் கொட்டும் பனிக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. நீண்ட வறண்ட குளிரில், மலையில் ஏற்கனவே கிடக்கும் மெல்லிய பனி சர்க்கரைத் துகள்போல் உதிரியாகிவிடும். அதன்மேல் ஒரேயடியாகப் புதுப்பனி குவிந்தால் பிடிப்பின்றிச் சரியும். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் சரிவில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டினர் இருவர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று, கேலோ இந்தியா போட்டிகள் நடந்துகொண்டிருந்த வேளையில், கிலன்மார்க் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில் ரஷ்ய வீரர் ஒருவர் இறந்தார். உச்சியில் பனி இருக்கிறது என்பதை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது என்பதற்கு இவையே சான்று.

இயந்திரம் பனி தருமா?

பனி விழவில்லையென்றால் நாமே உருவாக்கிக்கொள்ளலாம் என்பது உலகம் கண்டிருக்கும் பதில். இத்தாலி, ஆஸ்திரியா போன்ற நாடுகளின் சறுக்குத்தளங்களில் பெரும்பகுதி இன்று பனித் துப்பாக்கிகளை நம்பியிருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறத்தாழ முழுவதும் செயற்கைப் பனியில்தான் நடந்தது. அங்கே இந்தியாவின் ஒரே வீரராகக் கொடியேந்திச் சென்றவர் தங்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான். சறுக்குச் சாதனக் கடை நடத்திய தந்தையின் நிழலில், குல்மார்க்கின் இயற்கைப் பனியில் பழகியவர் அவர். ஒலிம்பிக்கில் ஜயண்ட் ஸ்லாலம் பிரிவில் 45-வது இடம் பெற்றபோது அவர் காலடியில் இருந்தது இயந்திரம் தூவிய பனி.

குல்மார்க்கில் இதைச் செய்யலாமா? தொழில்நுட்ப அளவில் செய்யலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை சுமார் -2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இயந்திரம் பனி தரும். வறண்ட குளிர்காலத்தின் மேகமற்ற இரவுகளில் காஷ்மீரில் அந்தக் குளிர் கிடைக்கிறது. கேள்வி, தண்ணீரும் மின்சாரமும் எங்கிருந்து வரும் என்பதுதான்.

ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் சரிவை 30 சென்டிமீட்டர் செயற்கைப் பனியால் மூடக் குறைந்தது 10 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். நம் ஊரில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் 83 லாரிகள். ஒரு சறுக்குத்தளம் என்பது ஒரு ஹெக்டேரில் முடிவதில்லை. நடுவில் வெயில் அடித்து உருகிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தூவ வேண்டும். பனி பொய்த்த ஆண்டு என்பதே தண்ணீர் பொய்த்த ஆண்டு. ஓடைகள் சுருங்கியிருக்கும் வேளையில்தான் இயந்திரத்துக்குத் தாகம் எடுக்கும். மின்சாரமும் அப்படியே. ஜம்மு காஷ்மீரின் சொந்த உற்பத்தி பெரும்பாலும் நீர்மின்சாரம். குளிர்காலத்தில் ஆறுகள் வற்ற, உற்பத்தி சரிகிறது. வீடுகளில் பல மணிநேர மின்வெட்டு அங்கே வாடிக்கை.

உத்தராகண்டின் அவுலியில் இந்தச் சோதனை ஏற்கனவே நடந்திருக்கிறது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக அங்கே பெருஞ்செலவில் பனி உருவாக்கும் அமைப்பு நிறுவப்பட்டது. ஆயினும் 2023 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த போட்டிகள் பனி இல்லாமல் ரத்தாயின. இயந்திரத்தை வாங்கி நிறுத்துவதோடு வேலை முடிவதில்லை என்பதை அவுலி காட்டியது.

செல்வம் கொழிக்கும் ஐரோப்பாவுக்கும் இது முழுத் தீர்வல்ல. அங்குள்ள 2,234 சறுக்குத்தளங்களை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஆய்வு, உலக வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால் அவற்றில் 53 விழுக்காடு பனித் தட்டுப்பாட்டின் மிகக் கடும் அபாயத்துக்கு ஆளாகும் என்றது. பாதிச் சரிவுகளைச் செயற்கைப் பனியால் மூடினாலும் 27 விழுக்காடு அதே அபாயத்தில்தான் இருக்கும்.

ஒளூ செய்யும் தண்ணீரில்கூட விரயம் கூடாது என்று சிறுவயதிலேயே நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் தட்டுப்பாடு நிலவும் ஒரு குளிர்காலத்தில், சில நாள் விளையாட்டுக்காகச் சரிவில் தண்ணீரைக் கொட்டுவதை எந்தக் கணக்கில் நியாயப்படுத்துவது? பயிற்சிக்கென ஒரு சிறு சரிவை, மழைக்காலத்தில் தேக்கிவைத்த நீரைக் கொண்டு பராமரிப்பதென்றால் அதை ஏற்கலாம். பள்ளத்தாக்கின் குளிர்காலச் சுற்றுலாவையே இயந்திரத்தின் தலையில் கட்டுவது ஆபத்து.

மலைமேல் இருக்கும் சேமிப்புக் கணக்கு

காஷ்மீரிக்குப் பனி ஒரு சேமிப்புக் கணக்கு. குளிர்காலத்தில் மலையில் சேர்வது, வசந்தத்திலும் கோடையிலும் சிறுகச் சிறுக உருகி ஊற்றாகவும் ஓடையாகவும் ஜீலம் நதியாகவும் இறங்குகிறது. நெல் வயலுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் அதுவே பாசனம். இந்தியாவின் ஆப்பிளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காஷ்மீரில் விளைகிறது. ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் போதிய குளிரில் உறங்கி எழுந்தால்தான் சரியாகப் பூக்கும். பிப்ரவரியிலேயே வெப்பம் கூடினால் மரம் முன்கூட்டியே பூத்துவிடும். பின்னால் வரும் குளிரிலும் ஆலங்கட்டியிலும் அந்தப் பூ கருகும்.

2025 பிப்ரவரியில், முகலாயர் காலத்துத் தோட்டத்துக்கு நீரூட்டி வந்த தெற்குக் காஷ்மீரின் அச்சபல் ஊற்று வறண்டுபோனது. தண்ணீர் நெருக்கடி காத்திருக்கிறது என்று முதல்வர் உமர் அப்துல்லா அதே மாதம் வெளிப்படையாக எச்சரித்தார். இது காஷ்மீரோடு நிற்கவும் இல்லை. இந்துகுஷ் இமயமலைப் பகுதி முழுவதும் 2024-25 குளிர்காலத்தில் பனி தரையில் தங்கிய அளவு வழக்கத்தைவிட 23.6 விழுக்காடு குறைந்தது. 23 ஆண்டுகளில் இதுவே மிகக் குறைவு என்று காத்மாண்டுவில் இயங்கும் ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான சர்வதேச மையம் கணித்தது.

ஆக, சறுக்குத்தளத்தில் பனி இல்லை என்ற செய்தி முதல் எச்சரிக்கை மட்டுமே. அதன் தொடர்ச்சி கோடையில் வயலிலும் தோட்டத்திலும் தெரியும்.

புதிய மையங்கள் தீர்வாகுமா?

2025 ஜனவரி 13 அன்று சோனாமார்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. பனிச்சரிவு அபாயத்தால் குளிர்காலம் முழுக்கத் துண்டிக்கப்பட்டுக் கிடந்த சோனாமார்க், இப்போது ஆண்டு முழுவதும் செல்லக்கூடிய ஊராகியிருக்கிறது. அடுத்து 2025 ஜூனில் செனாப் பாலமும், கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் வந்தன. சோனாமார்க்கை அடுத்த பனிச்சறுக்கு மையமாக்கும் பேச்சும் வலுத்திருக்கிறது.

சாலையும் ரயிலும் வருவது அந்த மக்களுக்கு நல்லதே. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அவை உயிர்நாடி. ஆனால் சோனாமார்க்கின் உயரம் சுமார் 2,700 மீட்டர். குல்மார்க்கின் அடிவாரத்தைவிட அது பெரிதாக உயர்ந்ததல்ல. குல்மார்க் அடிவாரத்தில் நிலைக்காத பனி, அதே உயரத்தில் வேறோர் இடத்தில் நிலைக்கும் என்று நம்பி விடுதிகளைக் கட்டுவது மணலில் வீடு கட்டுவதுதான். கட்டடங்களுக்காகக் காடு அழிந்தால், பனியையும் நீரையும் பிடித்துவைக்கும் நிழலும் சேர்ந்தே போகும்.

பனியைப் போலவே நிச்சயமற்ற இன்னொன்றையும் காஷ்மீர் சுற்றுலா நம்பியிருக்கிறது. அது அமைதி. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் உள்ளூர்க் குதிரைத் தொழிலாளி. அதன்பின் 48 சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன, பயணிகள் கூட்டமாகத் திரும்பிச் சென்றனர். குளிர்காலத்தில் பனி ஏமாற்றியபோது கோடையை எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்கு அந்தக் கோடையும் பறிபோனது. ஒரே ஆண்டில் இரண்டு அடி.

செய்யக்கூடியவை என்ன?

முதலாவது, நாட்காட்டியை மாற்றுவது. குல்மார்க்கில் கேலோ இந்தியாவின் முதல் போட்டி 2020-ல் நடந்ததும் மார்ச்சில்தான். பிப்ரவரி நடுவில் தேதி குறித்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதைவிட, பனியின் நிலையைக் கண்டு தேதியை உறுதிசெய்யும் ஏற்பாடு நல்லது. நோன்பு மாதம் வரும் ஆண்டுகளில் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உயரமான சரிவுகளில் பாதுகாப்பு. பனிச்சறுக்கு இனி மேலும் மேலே நகரும் என்றால், பனிச்சரிவு எச்சரிக்கையும் மீட்புக் குழுக்களும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளும் அங்கே கூடுதலாக வேண்டும். இதில் தங்மார்க் இளைஞர்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறது.

மூன்றாவதும் முக்கியமானதும், அடிவாரத் தொழிலாளிக்கான பாதுகாப்பு. மழை பொய்த்தால் விவசாயிக்கு நிவாரணமும் பயிர்க் காப்பீடும் உண்டு என்று அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. பனி பொய்த்தால் ஸ்லெட்ஜ் இழுப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் ஏன் இருக்கக் கூடாது? கோண்டோலா ஈட்டும் கோடிகளில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கினால், பனி இல்லாத ஜனவரியில் அவர்கள் கடன்காரர் வாசலில் நிற்க வேண்டியிராது.

நான்காவது, பனியை மட்டும் விற்காத சுற்றுலா. வசந்தத்தில் பூக்கும் தோட்டங்கள், இலையுதிர் காலத்துச் சினார் மரங்கள், பாம்பூரின் குங்குமப்பூ வயல்கள், சால்வையும் மரச்செதுக்கும் செய்யும் கைகள் எனக் காஷ்மீருக்குக் காட்ட நிறைய இருக்கிறது. ஆண்டின் இரண்டு மாதங்களில் குவியும் வருவாயைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பரப்பினால் ஒரு குளிர்காலம் பொய்ப்பது ஒரு குடும்பத்தை வீழ்த்திவிடாது.

நம் பங்கு

தமிழகத்திலிருந்து காஷ்மீர் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் அரையாண்டு விடுமுறையை ஒட்டியே கிளம்புகின்றன. அப்போது சில்லாய் கலான் தொடங்கியே சில நாட்கள்தான் ஆகியிருக்கும். அடிவாரத்தில் பனி இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. பனி நிச்சயம் என்று சொல்லி விற்கப்படும் பயணத் திட்டங்களை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். போன இடத்தில் பனி இல்லையென்றால் அந்த ஏமாற்றத்தைக் குதிரைக்காரரிடம் பேரம் பேசித் தீர்த்துக்கொள்ளாமல் இருப்பதும் ஓர் அறம்தான். அன்று நமக்குக் கெட்டது ஒரு நாள் உல்லாசம். அவருக்குக் கெட்டது ஒரு பருவம். மாமல்லபுரத்திலும் கொடைக்கானலிலும் கடை வைத்திருக்கும் காஷ்மீரி வியாபாரிகளிடம் ஊர் நிலவரம் கேட்டால், இந்தப் பனியின் கதை நாளிதழ்களைவிடத் தெளிவாகப் புரியும்.

வானத்தையும் பூமியையும் ஒரு மீஸானில், ஒரு சமநிலையில் அல்லாஹ் அமைத்திருப்பதை சூரா அர்ரஹ்மான் நினைவூட்டுகிறது. அந்தத் தராசைச் சாய்த்ததில் மலைக் கிராமத்து ஏழைக்குப் பங்கு மிகக் குறைவு. புகையைக் கக்கிய நாடுகளும் நகரங்களும் வேறு. விலை கொடுப்பவர் அவர். மழை வேண்டித் தொழும்போது முதலில் பாவமன்னிப்புக் கேட்கச் சொல்கிறது நம் மார்க்கம். கையேந்துவதோடு, நம் கை செய்தவற்றைத் திருத்திக்கொள்ளவும் அது அழைக்கிறது. குல்மார்க்கைப் பற்றி முடிவெடுப்போரும் அங்கிருந்தே தொடங்கட்டும். எத்தனை சறுக்கு வீரர்கள் வருவார்கள் என்று கணக்கிடுவதற்கு முன், அந்த மலை எவ்வளவு தாங்கும், அதன் அடியில் வாழும் குடும்பங்களுக்கு எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று கணக்கிடட்டும்.

காஷ்மீரின் மலைகளில் உரிய காலத்தில் பனி பொழியவும், அதை நம்பியிருக்கும் வீடுகளில் அடுப்பெரியவும் வல்ல இறைவனிடம் நாமும் துஆ செய்வோம்.